கத்தரி நம் கைக்கு வந்த நாட்கள்

பலரும் மறந்துபோன ஒரு சின்ன வரலாற்றை இன்று எழுதுகிறேன்.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. சலூன்களும் அடைபட்டன. தமிழ்நாட்டில் கிராமப்புறச் சலூன்கள் மே 19-இல்தான் திறந்தன. சென்னையில் ஜூன் பிறக்க வேண்டியிருந்தது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மே மாத வெயிலில் பிள்ளைகளின் காதை முடி மூடியது.

அப்போதுதான் வீடே சலூன் ஆனது. அம்மா பிள்ளைக்கு வெட்டினார், மனைவி கணவருக்கு வெட்டினார். தாடி டிரிம்மர் தலைக்கும் போனது. பழைய வேட்டி போர்வையானது. மேல்முடி ஓரளவு வந்துவிடும். காதோரமும் பின்கழுத்தும்தான் யாருக்கும் வசப்படவில்லை. கடைசியில் பல வீடுகளில் மொட்டையே போட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிகிற வேலை என்று நாம் நினைத்திருந்தது, பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த கைத்திறன் என்று அன்று தெரிந்தது.

அந்தக் கைத்திறன் முடியோடு நின்றதில்லை. நம் ஊர்களில் அவர்களுக்கு மருத்துவர் என்று பெயர். கட்டியைக் கீறுவார்கள், புண்ணுக்கு மருந்து கட்டுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். இங்கிலாந்திலும் அப்படித்தான். 1540-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் லண்டன் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டார்கள். 1745-இல்தான் பிரிந்தார்கள்.

நம் ஊரில் அந்தக் கைகளுக்குக் கிடைத்தது என்ன? அறுவடைக் களத்தில் கொஞ்சம் நெல். வீட்டுக்குள் நுழைய அனுமதி இல்லை. பேரன் வயதுப் பையன்கூட "வாடா, போடா" என்பான். அதே சாதிக் கட்டுப்பாடு, தலித் மக்களுக்கு முடிவெட்டக் கூடாது என்று அவர்களையே தடுத்தது. இப்படி அழுத்தப்பட்டவர்கள்தான் 1890-இல் பம்பாயில் ஒன்றுகூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். படித்தவர்கள் மேடையில் பேசிக்கொண்டிருந்ததை, கத்தியைக் கீழே வைத்துச் செய்து காட்டினார்கள்.

சலூன் வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. அவர் நம் வீட்டு வாசலில் நிற்கவில்லை. நாம் அவர் கடையில் வரிசையில் உட்கார்ந்தோம். கூலியை அவரே நிர்ணயித்துப் பலகையில் எழுதினார். திராவிட இயக்கப் பத்திரிகைகள் சத்தம் போட்டுப் படிக்கப்பட்ட இடமும் சலூன்தான்.

அந்தக் கடைகளைத்தான் ஊரடங்கு மூடியது. அரசு 2000 ரூபாய் உதவி அறிவித்தது. இரண்டு மாதக் கடை வாடகையும் வீட்டுச் செலவும் அதில் எப்படி அடங்கும்? 2021-இல் மறுபடியும் கடைகள் அடைபட்டன. நமக்கு முடி வளர்ந்ததுதான் கஷ்டம். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். வயதில் மூத்தவரை "அண்ணே", "ஐயா" என்று கூப்பிடுங்கள். சாதிப் பெயரை வசைச் சொல்லாக்கும் வழக்கம் உங்கள் தலைமுறையோடு முடியட்டும். ஊரில் இன்னும் சிலருக்கு முடிவெட்ட மறுக்கிறார்கள் என்றால், வெட்டுபவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். அவரை மிரட்டி வைத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இது இல்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்