தலைப்பேறும் தாய்வீடும்: மலாயாத் தோட்டப்புறத் தமிழர் வேரூன்றிய வரலாறு

முன்னுரை

மலாயாவிற்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை பேர் வந்திறங்கினர், எத்தனை பேர் திரும்பினர், எத்தனை பேர் மாண்டனர் என்னும் கணக்குகள் தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளில் நிரம்ப உள்ளன. கெர்னியல் சிங் சாந்து 1969இலும் சின்னப்பா அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட நூல்கள் இத்தகைய தரவுகளைக் கொண்டே மலாயா இந்தியரின் குடியேற்றத்தைத் தெளிவாக விளக்கின. எனினும், ஒரு சமுதாயம் புதிய மண்ணில் எப்போது வேரூன்றியது என்னும் வினாவிற்குப் பயணிகளின் எண்ணிக்கை மட்டும் விடை தருவதில்லை. அவ்வினாவை வேறொரு முனையிலிருந்து அணுகலாம். தோட்டத்தில் முதற் குழந்தையை வயிற்றில் சுமந்த ஒரு பெண், நிறைமாதத்தில் எங்குச் சென்றாள்? அவளருகே யார் இருந்தனர்? தலைப்பேற்றுக்குரிய ஆயத்தங்களைச் செய்தவர் யார்?

தமிழர் மரபில் தலைப்பேறு தாய்வீட்டுக்கு உரியது. தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறைப் பெண்களுக்கோ தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. அவர்தம் மகள்களின் காலத்தில்தான் தாய்வீடு என்பது மலாயாவிற்குள்ளேயே அமைந்தது. தமிழர் இம்மண்ணில் வேரூன்றியதற்கு இம்மாற்றத்தை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மரபில் தலைப்பேறு

கருவுற்ற ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் பெண்ணுக்கு வளைகாப்பு நிகழ்த்தப்படுகிறது. கைநிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, பூச்சூட்டி, பலவகைச் சோறு சமைத்துப் படைத்தபின் அவளைப் பிறந்த வீட்டார் அழைத்துச் செல்வர். பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்தே அவள் குழந்தையுடன் கணவன் வீடு திரும்புவாள். சாதிக்கும் வட்டாரத்திற்கும் ஏற்ப இச்சடங்கின் பெயரும் முறையும் வேறுபடும். நிலமற்ற உழைப்பாளர் குடும்பங்களில் நோவு காணும் நாள்வரை வயலில் நின்ற பெண்களும் பலர். ஆயினும், முதற்பிள்ளையைப் பெறுவது தாய்வீட்டில்தான் என்னும் எண்ணம் பரவலாக நிலைபெற்றிருந்தது.

இவ்வழக்கத்திற்குத் தெளிவான பயன்கள் இருந்தன. நிறைசூலிக்குப் புகுந்த வீட்டு வேலைகளிலிருந்து ஓய்வு கிடைத்தது. முன்பின் அறியாத நோவை எதிர்கொள்ளும் வேளையில், அச்சத்தைக் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய ஒருத்தி அருகில் இருந்தாள். பத்தியம், குளிப்பாட்டல், பாலூட்டல் ஆகியவை தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறின. பேற்றுச் செலவின் பெரும்பகுதியையும் பிறந்த வீடே ஏற்றது.

சூலுற்ற பெண்ணின் நிலையைத் தமிழிலக்கியம் தொடக்க காலம் முதலே அறிந்திருந்தது. சேர மன்னனைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்று 20ஆம் பாடல், அவன் நாட்டு மண்ணை வேட்கையால் உண்பவர் கருவுற்ற மகளிரேயன்றிப் பகைவர் அல்லர் என்னும் கருத்தை அமைத்துப் பாடுகிறது. தாயின் துணை எத்துணை இன்றியமையாதது என்பதைத் திருச்சிராப்பள்ளித் தலபுராணம் காட்டுகிறது. மகளின் பேற்றுக்காகப் புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட, இறைவனே தாயுருவில் வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்தான் என்பது அக்கதை. தாயுமானவர் என்னும் திருப்பெயர் அவ்வாறு அமைந்தது. தாய் வர இயலாத தலைப்பேற்றுக்குத் தெய்வம்தான் ஈடு என்று கருதிய சமுதாயம் அது. அதே திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்தே மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் மிகுதியாக வந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கடலுக்கு இப்பால்

நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியவர்கள் பல நாட்கள் கடலில் கழித்து, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தடுப்பு முகாம்களைக் கடந்தே தோட்டங்களை அடைந்தனர். வந்தவர்களுள் ஆண்களே மிகுதி. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதுகூட ஆண்களின் தொகையில் ஏறத்தாழப் பாதியளவே இந்தியப் பெண்கள் இருந்தனர். பேறுகாலம் அறிந்த மூத்த பெண்கள் இன்னும் குறைவாகவே இருந்திருப்பர் எனக் கொள்ளலாம். தொழிலுக்குத் தேவைப்பட்டோர் இளையோர் ஆதலின் முதியோரை ஆள்சேர்ப்பு நாடவில்லை.

பால்வெட்டு விடியலுக்கு முன்னரே தொடங்குவது. இருளில் பிரட்டுக்கு நின்று, நிரையில் மரம் வெட்டி, பாலைச் சேர்த்து வாளிகளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுசெல்லும் வேலை பேறுகாலத்திற்கு முன் நின்றுவிடுவதில்லை. கூலி நாட்கணக்கில் அமைந்தமையால் ஓய்வெடுத்த நாள் கூலியிழந்த நாளாயிற்று.

இவற்றோடு நோயும் சேர்ந்தது. கிள்ளான் பகுதியில் 1901 முதல் மலேரியாத் தடுப்புப் பணியில் ஈடுபட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், தோட்டங்களில் அந்நோய் விளைத்த அழிவை 1911இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். மலேரியா, கருவுற்ற பெண்களுள்ளும் முதல்முறை கருவுற்றவர்களையே மிகுதியாகத் தாக்கும் என்பது இன்று மருத்துவம் உறுதிசெய்துள்ள உண்மை. நச்சுக்கொடியில் தங்கும் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் முதற்சூலில் உடலுக்கு அமைந்திருப்பதில்லை. அடுத்தடுத்த சூல்களில்தான் அது படிப்படியாக உருவாகிறது. கருச்சிதைவு, குறைப்பேறு, எடை குறைந்த குழந்தை, தாய்க்குக் கடும் இரத்தசோகை ஆகியவை இதன் விளைவுகள். வெறுங்காலுடன் நடந்தோரைப் பற்றிய கொக்கிப்புழு நோய் இரத்தசோகையை மேலும் கூட்டிற்று. மரபு எப்பேற்றுக்குத் தாயின் துணையை வற்புறுத்தியதோ, அப்பேறே தோட்டத்தில் மிகுந்த ஆபத்துக்கு உள்ளானது.

தாயின் இடத்தை நிரப்பியவர் யார்? கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலிருந்தும் சுற்றத்திலிருந்துமே ஆள் சேர்த்தனர். எனவே, ஒரே லயத்தில் வாழ்ந்தோரிடையே ஊர்த்தொடர்பும் உறவுமுறையும் ஓரளவு நிலவின. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் அக்காளும் பேற்றுத்துணையாயினர். கைப்பழக்கமுள்ள ஒருத்தி தோட்டத்து மருத்துவிச்சியாக அறியப்பட்டாள். வளைகாப்பும் நின்றுவிடவில்லை. ஆனால், அதன் பொருள் மாறியது. வளையல் அடுக்கியபின் அழைத்துச் செல்லத் தாய்வீட்டார் இல்லாமையால், வழியனுப்பும் சடங்காக இருந்தது லயத்துப் பெண்கள் கூடி வாழ்த்தும் சடங்காகச் சுருங்கியது எனக் கருதலாம்.

சட்டம் தந்த ஓய்வு

1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின், அயல்நாடு சென்ற தொழிலாளரின் நலன் குறித்து இந்திய அரசு அழுத்தம் தரக்கூடிய நிலை உருவாயிற்று. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு பெண் தொழிலாளருக்குப் பேறுகாலப் படி வழங்க வழிசெய்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என்னும் விதியும் அதே தொகுப்பில் இடம்பெற்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குதல் வேண்டும். தோட்டம் வந்துபோகும் கூலிகளின் முகாம் அன்று, பிள்ளைகள் பிறந்து வளரும் இடம் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. இதில் அருளுணர்வோடு முதலாளியரின் நலனும் கலந்திருந்தது. கடல் கடந்து ஆள் கொணரும் செலவைவிட, தோட்டத்திலேயே அடுத்த தலைமுறை உருவாவது அவர்களுக்கு ஆதாயமானது.

விடுதலைக்குப் பின்னும் நடைமுறையிலிருந்த 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பை வரையறுத்தது. பேற்றுக்கு முந்திய 30 நாட்களுக்கு முன்பாக அவ்விடுப்பைத் தொடங்க இயலாது. ஐந்து பிள்ளைகள் உயிரோடிருப்பின் பேறுகாலப் படி இல்லை என்னும் வரம்பும் அதில் இருந்தது. 2022இல் திருத்தப்பட்டு 2023 சனவரி முதல் நடப்புக்கு வந்த விதியின்படி விடுப்பு 98 நாட்களாக உயர்ந்தது. மரபு ஏழாம் மாதத்திலிருந்து ஓய்வைக் கணக்கிட்டது. சட்டமோ கடைசி மாதத்திலிருந்துதான் கணக்கிட்டது. சட்டம் ஓய்வுக்குக் கூலி தந்தது என்பது பெரும் முன்னேற்றம். எனினும், தாய்வீடு தந்த கால அளவை அது ஒருபோதும் எட்டவில்லை.

மருத்துவிச்சியும் மருத்துவமனையும்

நகரத்து நிலை விரைவாக மாறியது. சிங்கப்பூரில் 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான கண்டாங் கெர்பாவ், தேக்காவை அடுத்து அமைந்திருந்தமையால் தமிழர்க்கு அணுக்கமானது. 1966இல் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் என அவ்வெண்ணிக்கை கின்னஸ் நூலில் இடம்பெற்றது.

மலாயாவில் 1950களில் உருவான கிராமச் சுகாதாரத் திட்டம், ஏறத்தாழ 2,000 மக்களுக்கு ஒரு மருத்துவிச்சி நிலையம் என்னும் அளவில் அமைந்தது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சி கிராமத்திலேயே தங்கினாள். பழைய கிராமத்து பீடான்களைப் பகைத்துக்கொள்ளாமல் அவர்களோடு இணைந்து பணியாற்றினாள். நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 1957இல் ஏறத்தாழ 280ஆக இருந்த தாய் இறப்பு, 2000ஆம் ஆண்டையொட்டி 30 அளவுக்குக் குறைந்தது. உலக வங்கி 2003இல் வெளியிட்ட ஆய்வு மலேசியாவையும் இலங்கையையும் பிற நாடுகளுக்கு எடுத்துக்காட்டாக முன்வைத்தது. ஆயின், தோட்டங்கள் தனியார் உடைமை. அங்கு மருத்துவப் பொறுப்பு நிர்வாகத்தைச் சார்ந்தே இருந்தமையால், கிராமத்தில் கிடைத்த அரசு மருத்துவிச்சியின் சேவை தோட்டப் பெண்ணுக்கு அதே அளவில் எளிதாகக் கிட்டவில்லை.

பேற்றுக்குப் பின்னான பராமரிப்பில் ஒரு கலப்பும் நிகழ்ந்தது. பூண்டும் நல்லெண்ணெயும் சுறாப்புட்டும் தமிழ்ப் பத்தியமாகத் தொடர, மலாய்ப் பெண்களின் உருவிவிடலும் வயிற்றுக்கட்டும் தமிழர் இல்லங்களில் இடம்பெற்றன. தாய்வீட்டில் இல்லாத ஓர் அறிவை அண்டை இனத்து மூதாட்டியிடமிருந்து பெற்றமைக்கு இது சான்றாகும்.

தாய்வீடு உருவாதல்

1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. அடுத்து வந்த போர், 1941 முதல் 1945வரை கடல்வழியையே அடைத்தது. சயாம் மரண இரயில்பாதைக்கு ஆடவர் பலர் கொண்டுசெல்லப்பட, எத்தனையோ பெண்கள் கணவனும் இன்றித் தாயும் இன்றிப் பிள்ளை பெற்றனர். வரலாற்று நூல்களில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இக்காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தைக் குடிக்கணக்கு காட்டுகிறது. 1931இல் மலாயா இந்தியருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே உள்நாட்டில் பிறந்தவர். 1947இல் அது ஏறத்தாழப் பாதியாயிற்று. இவ்வெண்களைத் தலைப்பேற்றோடு பொருத்திப் பார்க்கலாம். 1920களில் தோட்டத்தில் பிறந்த பெண் குழந்தை 1940களில் மணமுடித்து நிறைமாதம் எய்தியபோது, அவளுடைய தாய் அதே தோட்டத்திலோ அடுத்த தோட்டத்திலோ வாழ்ந்தாள். வளைகாப்புக்குப் பின் அழைத்துச் செல்ல ஒரு வீடு இருந்தது. கப்பல் வேண்டியிருந்த இடத்தில் மாட்டுவண்டியோ பேருந்தோ போதுமாயிற்று. பிள்ளைபெறத் தாய்வீடு செல்கிறாள் என்னும் சொல் பினாங்கையும் பேராக்கையும் சிலாங்கூரையும் குறிக்கத் தொடங்கியபோது தமிழர் இந்நாட்டவராயினர் எனலாம். குடியுரிமைச் சட்டம் அதைப் பின்னரே ஏற்றது.

சான்றிதழ் என்னும் ஆயத்தம்

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் விடுதலை பெற்ற கூட்டரசின் அரசியலமைப்பு, அந்நாள் முதல் இம்மண்ணில் பிறந்தோர்க்குக் குடியுரிமை அளித்தது. 1962இல் அது திருத்தப்பட்டு, பெற்றோரின் நிலையும் கருதப்படலாயிற்று. பிறந்த இடத்தையும் பெற்றோரின் நிலையையும் மெய்ப்பிக்கும் தாள்கள் வாழ்வைத் தீர்மானிப்பவையாயின. இத்தகைய ஆயத்தம் ஒன்றை மரபு அறியாது. வளையலும் மருந்தும் பழந்துணியும் சேர்த்துவைத்த குடும்பம், பதிவு அலுவலகம் செல்லும் வழியை அறிந்திருக்கவில்லை. லயத்து வீட்டில் பிறந்து, பதிவு தவறிய குழந்தை, பிற்காலத்தில் பள்ளியிலும் வேலையிலும் அடையாள அட்டையின்றித் தவிக்க நேர்ந்தது. தாய்க்குப் பதிவில்லாவிடில் அவள் பிள்ளைக்கும் அத்தொல்லை தொடர்ந்தது. இந்திய சமுதாயத்தாரின் ஆவணச் சிக்கல்களைத் தீர்க்க அரசாங்கம் 2011இல் மைடஃப்தார் என்னும் சிறப்பு இயக்கத்தை நடத்த நேர்ந்தமை, இச்சிக்கலின் ஆழத்தை உணர்த்தும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, தலைப்பேற்றின் வரலாறு குடியேற்ற வரலாற்றின் கிளைச்செய்தி அன்று. குடியேறியோர் குடிமக்களாயினமையை அளந்தறியும் கோல்களுள் ஒன்று. இரண்டாவது, தாய்வீட்டின் இடத்தை லயத்துப் பெண்களும் மருத்துவிச்சியும் சட்டமும் மருத்துவமனையும் பகுதிபகுதியாக நிரப்பினர். எந்த ஒன்றும் தனித்து அதனை நிரப்பவில்லை. மூன்றாவது, ஆவணங்கள் பிறப்புகளை எண்ணினவேயன்றிப் பெற்றவளின் பட்டறிவைப் பதியவில்லை.

மூன்றாவது குறையைக் களைய ஆசிரியர்களால் இயலும். தோட்டங்களில் பிள்ளைபெற்ற தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். தலைச்சன் பிள்ளை எந்தத் தோட்டத்தில் பிறந்தது, எந்த மாதம்வரை பால்வெட்டுக்குச் சென்றீர்கள், வளையல் அடுக்கியது யார், பேற்றுக்கு உடனிருந்தது யார், பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தது யார் என்னும் ஐந்து வினாக்களை மாணவர் தம் பாட்டியரிடம் கேட்டு எழுதிவரச் செய்தால், எந்த ஆவணக்காப்பகத்திலும் இல்லாத ஒரு தொகுதி உருவாகும். தோட்டங்கள் பல ஏற்கெனவே வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு வாழ்ந்தோரின் நினைவே இனி அவ்வரலாற்றுக்கு எஞ்சியுள்ள முதன்மைச் சான்றாகும்.