கருப்பை வாய் அறுவையும் ஆக்லாந்து வழக்கும்

கருப்பை வாயில் தோன்றும் புற்றுநோய், குருதிப்போக்கும் வலியும் கண்ட பின்னரே மருத்துவர் கண்ணுக்குப் புலனாகிய காலம் ஒன்று இருந்தது. அந்நிலையில் கத்தி எடுத்தும் பயன் குறைவே. 1925ஆம் ஆண்டு ஹான்ஸ் ஹின்செல்மன், அவ்வுறுப்பைப் பெருக்கிக் காட்டும் கால்போஸ்கோப் கருவியை அமைத்தார். வியன்னாவின் வால்டர் ஷில்லர் அயோடின் கரைசலைத் தடவிப் பார்த்தார். நலமான பகுதி பழுப்பேறியது, ஐயத்திற்குரிய பகுதி நிறமேற்காது நின்றது. கிரேக்க நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் பாபனிகொலாவ், ஹெர்பர்ட் டிராட் என்பாருடன் 1943இல் வெளியிட்ட நூலோ, உதிரும் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே நோயை முன்னறியலாம் என்று நிறுவியது.

முன்னறியும் ஆற்றல் வந்ததும் மருத்துவர்க்குப் புதியதோர் இக்கட்டும் உடன் வந்தது. உயிரணுக்கள் உருத்திரிந்துள்ளன, ஆயினும் மேற்படலத்தைக் கடந்து உள்ளே ஊடுருவவில்லை. இத்தகைய பெண்ணுக்கு வலியுமில்லை, வேறு துன்பமுமில்லை. அவளுக்கு எவ்வளவு வெட்டுவது? கருப்பை முழுவதையும் அகற்றியோர் பலர். கருப்பை வாயைக் கூம்பு வடிவில் அறுத்தெடுத்தோரும் உண்டு. முன்னது தாய்மையைப் பறித்தது. பின்னது குருதிப்போக்கையும், சிலருக்குப் பின்னாளில் குறைமாதப் பேற்றையும் விளைத்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்த தேசிய மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய ஹெர்பர்ட் கிரீன் இவ்விழப்பை எண்ணிப் பார்த்தவர். தேவையற்ற அறுவையிலிருந்து இளம்பெண்களைக் காக்க வேண்டும் என்ற அவரது கருத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. இம்மாற்றம் புற்றுநோயாக வளர்வதே இல்லை என மெய்ப்பிக்கத் துணிந்தார். 1966இல் மருத்துவமனை அவர் திட்டத்திற்கு இசைவளித்தது. சிறு சதைத்துணுக்கு மட்டும் எடுத்து ஆராய்ந்தபின், பெண்கள் பலர் முழுச் சிகிச்சையின்றி ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்பட்டனர். தாங்கள் ஓர் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதை அவர்கள் அறியார்.

உடன் பணியாற்றிய வில்லியம் மக்கிண்டோ, நோய்க்கூற்று வல்லுநர் ஜாக் மக்ளீன் ஆகியோர் எழுப்பிய எதிர்ப்பு எடுபடவில்லை. ஆதலின் அவர்கள், ரொனால்டு ஜோன்ஸ் முதலியோருடன் சேர்ந்து, 948 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து 1984இல் கட்டுரையாக வெளியிட்டனர். தொடர் சோதனைகளில் உயிரணுக்கள் இயல்பாயிருந்த 817 பேருள் 12 பேருக்கே ஊடுருவும் புற்றுநோய் கண்டது. மாற்றம் நீங்காது தொடர்ந்த 131 பேருள்ளோ 29 பேருக்குக் கண்டது! கட்டுரை மருத்துவ ஏட்டில் வெளிவந்தமையால் பொதுமக்கள் அதனை அறியவில்லை. 1987இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்னும் இரு பெண்கள் ‘மெட்ரோ’ இதழில் எழுதிய பின்னரே நாடு அதிர்ந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரணை நடத்தி, 1988இல் அறிக்கை அளித்தார். மக்கிண்டோ அதனைக் காணவில்லை, 1986இலேயே மறைந்துவிட்டார்.

குறைவாக வெட்ட வேண்டும் என்று கிரீன் விரும்பியதற்குத் தக்க வழி இதற்கிடையே வேறிடத்தில் உருவாகி வந்தது. மின்னோட்டம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் பழுதுற்ற பகுதியை மட்டும் வழித்தெடுக்கும் முறையை இங்கிலாந்தில் வால்டர் பிரெண்டிவில்லும் உடன் பணியாற்றியோரும் 1989இல் விளக்கினர். அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து சில நிமிடங்களில் முடிக்கத்தக்க அறுவை இது. உறைய வைத்து அழிக்கும் முறையில் திசு கைக்கு வராது. இதிலோ எடுத்த திசு ஆய்வுக்கூடம் செல்லும். நோய் முற்றும் நீங்கியதா என்பது அதன் விளிம்பைக் கொண்டு கணிக்கப்படும்.

ஆக்லாந்துப் பெண்களின் குறிப்புகள் மீண்டும் ஆராயப்பட்டு 2008இல் முடிவுகள் வெளிவந்தன. சதைத்துணுக்கு மட்டும் எடுக்கப்பட்ட 143 பெண்களுள், 30 ஆண்டுகளில் புற்றுநோய் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 31ஆக இருந்தது. தொடக்கத்திலேயே போதிய சிகிச்சை பெற்ற 593 பேரிடம் அது நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. அப்பெண்களிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் ஆக்லாந்து நலவாரியம் 2018ஆம் ஆண்டு, அறிக்கை வெளிவந்து 30 ஆண்டுகள் கழிந்த பின்னர், மன்னிப்புக் கோரியது.