பருத்த உடலும் சீலியாக் நோயும்: எடை எதற்குச் சான்று?

கோதுமை, பார்லி முதலியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும் நோய் சீலியாக். 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இதை விவரித்தபோது காட்டிய உருவம், உடல் நலிந்து, வெளிறி, வயிறு உப்பிய குழந்தையுடையது. அந்த உருவம் மருத்துவர்கள் மனத்தில் வெகுகாலம் தங்கிவிட்டது. உடம்பு பூசினாற்போல் இருப்பவருக்கு இந்நோய் இருக்காது என்ற எண்ணம் அதிலிருந்துதான் பிறந்தது. இப்போது அதற்கு நேரெதிராக, எடை கூடுவதே இந்நோயின் அடையாளம் என்ற பேச்சு பரவி வருகிறது. காரணமின்றி எடை குறைந்தால் சீலியாக்கை ஐயுற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எடை கூடியிருப்பது நோயைக் காட்டவும் செய்யாது, விலக்கவும் செய்யாது. வயிற்று உப்புசத்தையும் எடையையும் ஒரே முடிச்சில் கட்டுவது இந்தக் குழப்பத்தை மேலும் வளர்க்கிறது.

வட அயர்லாந்தில் டிக்கி, கியர்னி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. சீலியாக் உறுதியான 371 பேரில் எடை குறைந்தவர்கள் 17 பேர்தான். அதிக எடையுள்ளவர்கள் 143 பேர், அவர்களில் 48 பேர் உடற்பருமன் அளவை எட்டியவர்கள். ஜீ காட்டிய உருவத்தை அளவுகோலாக வைத்திருந்தால் இவர்களில் பெரும்பாலோர் கண்டறியப்படாமலே போயிருப்பார்கள். ஆயினும் இந்த எண்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லவைக்கக் கூடாது. நோயாளிகளில் எத்தனை பேர் பருத்தவர்கள் என்பது ஒரு கேள்வி. பருத்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் என்பது வேறு கேள்வி. இவ்வாய்வு முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. ஊரே பருத்திருக்கும்போது நோயாளிகளும் பருத்திருப்பதில் வியப்பில்லை.

சத்தை உறிஞ்ச முடியாத குடலோடு ஒருவர் எப்படிப் பருக்க முடியும்? சிதைவு பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியில்தான் கடுமையாக இருக்கும். கீழ்ப்பகுதி நலமாயிருந்தால், விடுபட்டதில் பெரும்பங்கை அது உறிஞ்சிக்கொள்கிறது. அதையும் தாண்டிப்போகும் மாவுச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் புளிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்ற, அதிலும் ஒரு பங்கு ஆற்றல் உடலுக்கே திரும்புகிறது. இரும்புச்சத்துக்கு இந்த வாய்ப்பு குறைவு. அது முக்கியமாக மேற்பகுதியிலேயே உறிஞ்சப்படுவது. ஆகவே உடலில் கொழுப்பு சேர்ந்துகொண்டே இருக்க, இரத்தத்தில் இரும்பு வற்றிக்கொண்டே போகலாம். உப்புசத்தின் வழி வேறு. சிதைந்த குடலுறிஞ்சிகளில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால், குடித்த பாலின் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகிறது. காலையில் தளர்வாக இருந்த பாவாடை நாடா மாலையில் இடுப்பில் தடம் பதிக்கும். மறுநாள் காலையில் மீண்டும் தளரும். எடைக்கருவியின் முள் இதற்கெல்லாம் பெரிதாக அசைவதில்லை. அன்றன்று ஏறி இறங்கும் இடுப்பளவைக் கொழுப்பின் கணக்கில் எழுதுவது பிழை.

கோதுமையை விட்டதும் உப்புசம் போயிற்று, எடையும் குறைந்தது, இது சான்றாகாதா என்று கேட்கலாம். அனுபவம் உண்மையே, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. கோதுமையில் குளூட்டனோடு ஃப்ரக்டான் என்னும் மாவுச்சத்தும் இருக்கிறது. சீலியாக் இல்லாமலே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேருக்கு இன்னது என்று தெரியாதபடி இரண்டையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தது 2018இல் வெளியான நார்வே ஆய்வு; வயிற்றுத் தொல்லையைக் கூட்டியது ஃப்ரக்டான்தான். தவிர, கோதுமையை விடுபவர் பரோட்டாவையும் பிஸ்கட்டையும் பப்ஸையும் சேர்த்தே விடுகிறார். எடை குறைய அது போதும். சீலியாக் உறுதியானவர்களிடமோ எடை ஒரே திசையில் போவதில்லை. வட அயர்லாந்து ஆய்வில் குளூட்டன் இல்லாப் பத்தியம் காத்தவர்களில் 81 விழுக்காட்டினர் இரண்டாண்டில் எடை கூடினார்கள். முன்பே அதிக எடையுடன் இருந்தவர்களிலும் 82 விழுக்காட்டினர் மேலும் கூடினார்கள். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ அதிக எடையுள்ளவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் குறைந்தார்கள். இப்படிச் சொந்தமாகச் சோதித்துப் பார்ப்பதில் இதைவிடப் பெரிய கேடும் உண்டு. கோதுமையை நிறுத்தினால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தணியும், குடல் ஆறத் தொடங்கும், பிறகு செய்யும் சோதனை நோயைத் தவறவிடும். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அரிசி உண்ணும் தமிழருக்கு இந்தக் கவலை எதற்கு என்பது அடுத்த மறுப்பு. 2016இல் வெளியான இந்திய ஆய்வு 23,331 பேரைச் சோதித்தது: இரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தன. நாளொன்றுக்கு உண்ணும் கோதுமையோ வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். சர்க்கரை நோய்க்காக இரவுச் சோற்றைச் சப்பாத்தியாக மாற்றும் வீடுகள் பெருகியுள்ள நிலையில் தெற்கின் எண் இப்படியே நிற்கும் என்று நான் நம்பவில்லை. அதற்காகப் பருத்தவர், உப்புசமுள்ளவர் அனைவரையும் சோதிப்பதும் தகாது. ஆயிரத்தில் ஒருவருக்கே உள்ள நோய்க்கு, நலமுள்ள நூறு பேரில் இருவரை மட்டும் தவறாகக் காட்டும் நல்ல சோதனையை வைத்துப் பார்த்தாலும், ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ இருபது பேரை வீணாகக் கலங்கவைப்போம். எடை கூடி, மலச்சிக்கலும் உப்புசமும் சேர்ந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது தைராய்டை. மாத்திரை விழுங்கியும் தீராத இரத்தசோகை, முதல் வகை நீரிழிவு, உடலின் எதிர்ப்பாற்றலால் வரும் தைராய்டு நோய், சீலியாக் உள்ள உடன்பிறந்தவர் அல்லது பெற்றோர்: இவற்றில் ஒன்று இருந்தால், எடைக்கருவி ஐம்பது கிலோ காட்டினாலும் தொண்ணூறு காட்டினாலும், சீலியாக்குக்கான இரத்தச் சோதனையை எழுதிக்கொடுத்தாக வேண்டும்.