இணையவழித் தமிழ் இலக்கியக் கல்வி

தமிழ் இலக்கியத்தைப் படிக்கவும் தமிழில் எழுதவும் கணினி, இணையம் ஆகியவற்றின் துணையோடு கற்பிக்கும் முறை இணையவழித் தமிழ் இலக்கியக் கல்வி எனப்படும். 1990-களின் நடுவில் சிங்கப்பூரிலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இதற்கான முதல் முயற்சிகள் நடந்தன. 2001-இல் சென்னையில் இதற்கென்றே ஒரு கல்வி நிறுவனம் தோன்றியது. மின்னூலகங்கள், தொடரடைவுகள், இணைய அகராதிகள், யாப்பு மென்பொருள், பிழைதிருத்திகள், விக்கித் திட்டங்கள் ஆகியவை இன்று இதன் கருவிகள். பெயரில் கல்வி என்று இருந்தாலும், இதன் முதல் பத்தாண்டு வரலாறு பெரும்பாலும் எழுத்துருச் செய்தவர்களுக்கும் தட்டச்சுச் செய்தவர்களுக்கும் உரியது. நூல் திரைக்கு வந்த பிறகுதானே அதைப் பாடமாக நடத்த முடியும்?

தமிழ் எழுத்து இணையத்தில் ஏறிய தொடக்க நிகழ்வுகளில் ஒன்று ஒரு கவிதைத் தொகுப்பு. 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் அந்நாட்டுக் கவிதைகளின் இணையத் தொகுப்பு ஒன்றைத் தொடங்கி வைத்தார். 1984 முதல் 1995 வரை அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் எழுதப்பட்ட கவிதைகள் அதில் இருந்தன. தமிழ்ப் பகுதியைத் திரையில் தெரியச் செய்தவர் நா. கோவிந்தசாமி. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த அவர் சிறுகதை எழுத்தாளரும்கூட. ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளையும் அவர் உருவாக்கினார். 1999-இல் அவர் காலமானபோது தமிழ்க் கணிமை நடக்கக் கற்கும் பருவத்திலேயே இருந்தது. எழுத்தாளர், ஆசிரியர், மென்பொருள் செய்பவர் என்ற மூன்று நிலைகளும் அவர் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. இத்துறையில் அப்படிப்பட்டவர்கள் அதற்குப் பிறகும் மிகச் சிலரே.

அன்றைய பெருந்தடை எழுத்துருதான். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஓர் ஆசிரியர் தட்டச்சுச் செய்து அனுப்பிய பாடல், அதே எழுத்துரு இல்லாத மாணவரின் கணினியில் பொருளற்ற குறிகளாக விரிந்தது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகள் இதற்குத் தீர்வு தேடின. சென்னை மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. மின்னஞ்சல் வழியே விவாதித்த ஆர்வலர்கள் தனியே ‘திஸ்கி’ என்ற தரத்தை உருவாக்கினார்கள். உலக மொழிகளுக்கான பொதுக் குறியாக்கமான ஒருங்குறியில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது சாதாரணக் கணினிகளை எட்டத் தொடங்கியது. இந்த இழுபறியில் வகுப்பறை இழந்த ஆண்டுகள் கொஞ்சமல்ல.

இதற்கு நடுவில்தான் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் இதற்குத் தலைமை ஏற்றார். அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர் என்று கல்யாணசுந்தரத்தைத் தமிழர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். பதிப்புரிமைத் தடையில்லாத தமிழ் நூல்களை யாரும் காசின்றி இறக்கிக்கொள்ளும்படி வைப்பதே திட்டத்தின் நோக்கம். முதல் எண் பெற்ற மின்னூல் திருக்குறள்.

கூலி வாங்காமல் பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்தார்கள். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தார்கள். ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலும் தட்டச்சுச் செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இன்றும் இருக்கின்றன. குறியாக்கம் மாறும்போதெல்லாம் நூல்கள் புதிய வடிவுக்கு மாற்றப்பட்டு, கடைசியில் ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தன. கடன் கேட்க நூலகம் இல்லாத ஊர்களில் வாழ்ந்த புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரமும் தேவாரமும் கிடைத்தது இவ்வழியில்தான். தமிழகத்து ஆய்வு மாணவர்களும் இதே கோப்புகளைப் பயன்படுத்தினார்கள். ஓர் அரசு செய்திருக்க வேண்டிய வேலையைப் பணியிலும் படிப்பிலும் இருந்தவர்கள் ஓய்வு நேரத்தில் செய்து முடித்தார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சொல்லைத் தேடிப் பாடலை அடையும் வழி இணையத்துக்கு முன்பே இருந்தது. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதி சேர்த்தார். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஜெர்மனியில் தாமஸ் லேமனும் தாமஸ் மால்டனும் கணினியின் துணையோடு சங்க இலக்கியச் சொல்லடைவைத் தொகுத்து 1990-களின் தொடக்கத்தில் அச்சில் கொண்டுவந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி கொலோன், சிகாகோ பல்கலைக்கழகங்களின் வழியாக இணையத்துக்கு வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு ஷிஃப்மனும் வாசு அரங்கநாதனும் தமிழ் கற்போருக்கான இணையப் பாடங்களையும் பயிற்சிகளையும் அமைத்தார்கள். பேரகராதியின் தொகுதிகளைக் கண்ணால் பார்த்திராத பள்ளி மாணவரும் இன்று கைப்பேசியில் அதைப் புரட்டலாம்.

ஆனால் செய்யுளில் சொல் தேடுவது நாளிதழில் தேடுவது போன்றதல்ல. ‘பொன்’ என்று தேடினால் பொற்குடம் அகப்படாது. ‘பல்’ என்று தேடினால் பஃறொடி ஒளிந்துகொள்ளும். புணர்ச்சி விதி தெரியாத கணினிக்கு இரண்டும் வேறு வேறு எழுத்துக் கோவைகள். பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் 1950-களில் சந்தி பிரித்த பாடங்களை மலிவு விலையில் வெளியிட்டபோது எளிய வாசகரை மனத்தில் வைத்திருந்தார். அந்த முறையின் அருமை கணினிக் காலத்தில் இன்னும் கூடியது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த ப. பாண்டியராஜா சொற்களைப் பிரித்து, சங்க இலக்கியம் தொடங்கிப் பல நூல்களுக்குத் தொடரடைவு உருவாக்கி இணையத்தில் வைத்தார். ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் அடிகள் எல்லாம் வரிசையாக எழும். சங்கப் பாடல்கள் 2381. ஒரு பூவோ பறவையோ அவற்றில் எங்கெங்கே எந்த மனநிலையோடு வருகிறது என்று ஓர் இளங்கலை மாணவர் ஒரே மாலைப் பொழுதில் திரட்டிவிடலாம். முன்பு இது முனைவர் பட்டத்துக்கான உழைப்பு. சங்க இலக்கியமான பதினெண்மேற்கணக்கு நூல்களை முழுவதும் ஆங்கிலத்தில் பெயர்த்த வைதேகி ஹெர்பர்ட், பாடலின் கீழே சொல்லுக்குச் சொல் பொருளும் தந்து இணையத்தில் வெளியிட்டார். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தமிழ் படிக்காமல் வளர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட வாசல் வேறு இல்லை.

நிறுவனம் என்ற அளவில் திருப்புமுனை 2001 பிப்ரவரி 17. அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் சென்னையில் தொடங்கியது. பின்னாளில் இதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று மாறியது. 1999 மாநாட்டில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி இதை அறிவித்திருந்தார். உருவாக்கும் பொறுப்பு வா. செ. குழந்தைசாமியிடம் வந்தது. நீரியல் பொறியாளர், ‘குலோத்துங்கன்’ என்ற பெயரில் கவிதை எழுதியவர், தொலைநிலைக் கல்விக்கான இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. மழலைக் கல்வியில் தொடங்கிச் சான்றிதழ், மேற்சான்றிதழ், பட்டம் என்று பாடங்கள் படிப்படியாக அமைந்தன. வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றுக்கு இப்பாடங்களே துணையாயின.

இதன் மின்னூலகமே ஆசிரியர்களுக்குப் பெரிய கொடை. பழைய உரைகளோடு நூல்கள், நிகண்டுகள், அகராதிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. சங்கப் பாடல்களைத் திணை, கூற்று, புலவர் எனப் பகுத்துத் தேட முடிந்தது. குறிஞ்சித் திணையில் தோழி பேசும் பாடல்களை மட்டும் எடுத்து வரச் சொல்லி, அவற்றில் தோழி யாரிடம் எதற்காகப் பேசுகிறாள் என்று வகுப்பில் விவாதிக்கலாம். மனப்பாடப் பகுதியாக ஒன்றிரண்டு பாடல் படிக்கும் மாணவருக்கு அகப்பொருள் மரபு ஒரு முழு உலகமாகத் தெரிவது இப்படிப் படிக்கும்போதுதான். 2017-இல் தமிழ் மின்னூலகம் தனித் தளமாகவும் தொடங்கப்பட்டது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் மட்டுமே காணக் கிடைத்த அரிய அச்சு நூல்களும் இதழ்களும் அதனால் பலருடைய திரைக்கு வந்தன.

ஈழத்து வரலாறு வேறு காரணத்திலிருந்து தொடங்குகிறது. 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் இதழ்களையும் நாளிதழ்களையும் படியெடுத்து இணையத்தில் சேர்த்து வருகிறது. டொமினிக் ஜீவா 1966-இல் தொடங்கிய ‘மல்லிகை’ போன்ற இதழ்களை அங்கே இதழ் இதழாகப் படிக்கலாம். ஈழத்துச் சிறுகதையைக் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தொகுப்பு நூலைவிட இது உதவும். ஒரு கதை முதலில் எந்தத் தலையங்கத்தோடும் எந்த விவாதத்தோடும் அடுத்தடுத்துக் கிடந்தது என்பதை இதழ்தான் காட்டும். சிங்கப்பூரில் 2015-இல் நாட்டின் பொன்விழாவையொட்டி, 1965-க்குப் பிந்தைய தமிழ் இலக்கியப் படைப்புகள் சுமார் 350 மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலகத்தின் வழியே கிடைத்தன.

இதுவரை சொன்னவை அனைத்தும் படிக்கக் கற்பிப்பவை. எழுதக் கற்பிக்கும் பக்கம் ஒப்பிட முடியாத அளவுக்கு மெலிந்திருக்கிறது. பிழைதிருத்தும் கருவிகள் தனியாரின் ஆர்வத்தால் வந்தன. நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் கணிஞர் சந்திப்பிழைக்கு ‘நாவி’, எழுத்துப்பிழைக்கு ‘வாணி’ ஆகியவற்றை உருவாக்கினார். வல்லினம் மிகும் இடம் எது, மிகா இடம் எது என்று தடுமாறும் மாணவர், தம் கட்டுரையை ஒட்டிப் பார்த்து ஐயம் தீர்த்துக்கொள்ள முடிகிறது.

அவற்றைவிடக் கற்பனைக்கு இடம் தருவது வினோத் ராஜன் உருவாக்கிய ‘அவலோகிதம்’. ஒரு செய்யுளை இட்டால் அசை, சீர், தளை, தொடை எல்லாவற்றையும் பிரித்துக் காட்டிப் பாவகையைச் சொல்லும் மென்பொருள் அது. குறள் வெண்பா எழுத முயலும் மாணவர் ஒரு சீரை மாற்றிப் பார்க்கலாம். தளை தட்டினால் உடனே தெரியும். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக அமைந்ததா என்பதும் புலப்படும். தேர்வுக்காக அலகிட்டு வாய்பாடு எழுதி மறந்துவிடும் யாப்பிலக்கணம், கை பழகும் கலையாக மாற இது வழி செய்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் இது இருக்க வேண்டும்.

மாணவரை எழுத வைத்ததில் தமிழ் விக்கிப்பீடியாவின் பங்கு தனியானது. 2003-இல் தொடங்கிய அது 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசோடு இணைந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. பொறியியலும் மருத்துவமும் படித்தவர்கள் தங்கள் பாடப்பொருளைத் தமிழில் எழுதினார்கள். கலைச்சொல் தேட வேண்டியிருந்தது. சான்று காட்ட வேண்டியிருந்தது. முகம் தெரியாத ஒருவர் வந்து திருத்தினார். திருத்துபவர் ஒருவர், படிப்பவரும் அவரே என்று முடியும் தேர்வுத்தாளுக்கு இந்த அனுபவம் கிடையாது. 2017-இல் தமிழகப் பள்ளி ஆசிரியர்களுக்கும் விக்கிப்பீடியாவில் எழுதும் பயிற்சி தரப்பட்டது. நாட்டுடைமையான நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொது உரிமத்தில் வழங்க, அவை விக்கிமூலத்தில் ஏறின. கணினி எழுத்துணர்ந்து தந்த பக்கங்களை ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சளும் இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையும் அங்கே நிறமாகத் தோன்றும். பெரிய உரைநடையாளர் ஒருவரின் பக்கத்தை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது உரைநடை பழகுவதற்கு நல்ல பயிற்சி.

பள்ளிக்கல்வியில் மாற்றம் அரசு வழியாக வந்தது. மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி 2011-இல் வழங்கத் தொடங்கினார்கள். 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. தமிழ்ப் பாடநூலிலும் இணையச் செயல்பாடுகள் என்ற பகுதி சேர்ந்தது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கி, 2020-இல் பள்ளிகள் மூடியபோது வீடுகளுக்குப் பாடம் கொண்டுசென்றது. செய்யுளை இசையோடு கேட்கவும் உரைநடைப் பாடத்தைக் காட்சியாகப் பார்க்கவும் இவை உதவின. மாணவர் எழுதியதை யாராவது படித்துக் கருத்துச் சொல்லும் வழி மட்டும் இவற்றில் அமையவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானபின் கட்டுரை வீட்டுப்பாடம் உலகெங்கும் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. கேட்டவுடன் தமிழிலும் கட்டுரை கிடைக்கிறது. இந்தச் சூழலில் விக்கிப்பீடியாவின் ஒரு சிறு வசதி ஆசிரியர்களின் கவனத்துக்கு உரியது. ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே அதன் வரலாற்றைக் காட்டும் ஓர் இணைப்பு உண்டு. முதல் வரி எந்த நாளில் எழுதப்பட்டது, எந்தச் சொல் நீங்கி எது வந்தது, யார் திருத்தினார், எழுதியவர் அதை ஏற்றாரா மறுத்தாரா என்பதெல்லாம் அங்கே படிப்படியாகப் பதிவாகியிருக்கும். முடிந்த கட்டுரைக்கு மட்டும் மதிப்பெண் போடாமல், அது வளர்ந்த வழியை மாணவரோடு உட்கார்ந்து பார்க்க விரும்பும் ஆசிரியருக்கு அந்தப் பக்கம் தமிழிலேயே, கட்டணமின்றித் திறந்திருக்கிறது.