கருவிக்கு ஒரு மரப்பெட்டி

ராயபுரம் என்னும் பெயருக்குள்ளேயே ராயப்பர் இருக்கிறார். அவர் பெயரால் எழுந்த ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கடலோடு உறவாடிய படகோட்டிகள். 1860-களின் தொடக்கத்தில் கடலுக்குள் இரும்புத்துறை ஒன்று கட்டி முடிக்கப்படும்வரை சென்னையில் கப்பல்கள் கரையை அணுக இயலவில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களிலிருந்து ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் ஏறியே கரைசேர்ந்தன. ஆணி ஒன்றும் அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை அறையும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும்; தைத்த படகோ வளைந்து கொடுக்கும்.

அப்படகுகள் சுமந்து வந்தவற்றுள் கருவிப்பெட்டிகளைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்கிறோம். பெட்டியின் தச்சு, படகின் தச்சுக்கு நேர்மாறானது. படகு நெகிழ வேண்டும். பெட்டி நெகிழவே கூடாது. நன்கு காய்ந்த மரமே அதற்கு ஆகும். பச்சை மரம் வெயிலில் முறுகிவிடும். உள்ளிருக்கும் பித்தளைக் கருவி நூலளவும் அசையாதபடி அதன் வடிவுக்கேற்பத் தாங்கிகளைக் குடைய வேண்டும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் பசையை மட்டும் நம்ப முடியாது. ஆகவே மூலைகளைப் பல்லுக்குப் பல் கோத்து, திருகாணியால் இறுக்கி, பித்தளைப் பட்டையும் கட்டுவார்கள். நல்ல பெட்டி என்றால் திறக்கும்போது யாரும் பெட்டியைக் கவனிப்பதில்லை!

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் ஓர் அளவையைத் தொடங்கினார். இந்தியப் பெருநிலத்தையே முக்கோணங்களால் அளந்த பெரும்பணியின் அடிக்கோடு அது. அதற்கு அவர் பயன்படுத்திய 100 அடி எஃகுச் சங்கிலி, 1793-இல் மெக்கார்ட்னி தூதுக்குழுவினர் சீனப் பேரரசருக்காகக் கொண்டுசென்றது. அங்கு விரும்பப்படாமல் திரும்பிய அது கல்கத்தாவில் விலைக்கு வாங்கப்பட்டுச் சென்னைக்கு வந்தது. இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது கொண்ட அச்சங்கிலியைத் தரையில் விரித்தால் மேடுபள்ளம் பொய் சொல்லும். வெயிலில் கிடந்தால் எஃகு நீளும். எனவே 20 அடி நீளமுள்ள ஐந்து மரப்பெட்டிகளை முக்காலிகளின்மேல் வரிசையாக ஏற்றி, திருகுகளால் மட்டம் பார்த்து, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தினார்கள். வெப்பமானியும் உள்ளே வைக்கப்பட்டது. பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல். பெட்டிகளைத் தூக்கி, நகர்த்தி, மீண்டும் மட்டம் பார்த்தல் 400 முறை. அதுவும் சித்திரை வெயிலில். இமயம் வரை நீண்ட அந்தக் கணக்கு முழுவதும் மரப்பெட்டிகளின் மட்டத்திலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

விடுதலைப் பயண நூல் உடன்படிக்கைப் பேழைக்கு நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம் என்று அளவு தருகிறது. அதைச் செய்த பெட்சலேலின் பெயரையும், அவர் தந்தை பெயரையும், குலத்தையும் மறவாமல் குறித்து வைத்திருக்கிறது. நில அளவையின் வரலாற்று நூல்களோ லாம்டனைப் புகழ்கின்றன. அவருக்குப்பின் வந்த எவரெஸ்டின் பெயர் 1865-இல் ஒரு மலைக்கே சூட்டப்பட்டது. பெட்டிகளை இழைத்த தச்சரும் அலைகளைக் கடத்திய படகோட்டியும் அவற்றில் பெயர் பெறவில்லை. திருநூல் ஆசிரியர் காட்டிய கவனத்தை நம் வரலாற்று ஆசிரியர்களும் காட்டியிருக்கலாம் என்று மனம் ஏங்குகிறது.

லாம்டனின் மற்றொரு கருவி கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட்டு. லண்டனில் கேரி என்பவர் செய்தது. வட்டத்தின் குறுக்களவு 36 அங்குலம், எடை ஏறத்தாழ அரை டன். கடல்வழியில் அது பிரெஞ்சுக் கப்பலொன்றிடம் சிக்கி மொரீசியசில் இறங்கியதென்றும், அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தாரென்றும் கூறுவர். பகைவரிடமும் இத்தகைய பண்பு இருந்தது!

1808-இல் தஞ்சையில் மரங்கள் அடர்ந்த சமவெளியில் தொலைவு தெரியாமையால், அக்கருவியைப் பெட்டியோடு பெரிய கோயில் விமானத்தின்மேல் கயிறுகட்டி ஏற்றினார்கள். ஒரு கயிறு அறுந்தது. பெட்டி கருங்கல் சுவரில் மோதி நொறுங்கியது. உள்ளிருந்த வட்டமும் கோணியது. லாம்டன் சோர்ந்துவிடவில்லை. கைவினைஞர்களோடு கூடாரத்தில் அடைந்துகொண்டார். பெரிய பலகை ஒன்றில் வட்டத்தின் சரியான அளவை வெட்டிக்கொண்டு, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் கோணிய விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். வளைந்த ஆரங்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார்கள். பித்தளையின்மேல் இரும்பு பட்டால் தழும்பு விழும்; மரம் பட்டால் விழாது. ஆறு வாரங்களில் கருவி எழுந்தது.

1823 சனவரியில் லாம்டன் இங்கன்காட்டில் இறந்தார். மரச்சுத்தியால் நிமிர்த்தப்பட்ட அந்தத் தியோடலைட்டைக் கொண்டே எவரெஸ்டு வடக்கு நோக்கி அளந்துகொண்டு போனார்.