அழிவுக்குத் தப்பிய நிழல்

அச்சமூட்டும் திரைப்படங்களுள் முன்னோடியாக எண்ணப்படுவது, ஜெர்மானிய இயக்குநர் முர்னோ 1922ஆம் ஆண்டில் எடுத்த ‘நாஸ்பெராட்டு’ என்னும் மௌனப் படம். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாவலை உரிமை பெறாமலே தழுவியது அது. டிராகுலாப் பிரபு அதில் ஓர்லோக் பிரபு ஆனான். நாவலாசிரியரின் விதவை வழக்குத் தொடுத்தார். படக் கம்பெனியோ நொடித்துப் போயிருந்தது. பிரதிகள் யாவற்றையும் அழிக்குமாறு 1925இல் நீதிமன்றம் பணித்தது. எனினும் சில பிரதிகள் தப்பின.

ராபர்ட் எக்கர்ஸ் 2024இல் அப்படத்தைப் புதிதாக எடுத்தார். இரண்டையும் ஒப்புநோக்குவோம். பழையதில் பேச்சொலி இல்லை. நீண்ட நகங்களோடு நிழலொன்று மாடிப்படி ஏறுவதே நம்மை நடுங்கச் செய்கிறது. புதியதில் ஓர்லோக்கின் அடர்ந்த மீசையும் கனத்த குரலும் அச்சுறுத்துகின்றன. ஆயினும், எல்லன் என்னும் நங்கை தன்னையே பலியாக ஈந்து ஊரைக் காப்பதும், விடியலின் கதிரொளியில் ஓர்லோக் மாய்வதும் இரண்டிலும் உள்ளன. ஸ்டோக்கரின் நாவலில் இம்முடிவு இல்லை. பழைய படம் படைத்தளித்த செல்வம் அது.

விதவையார் கோரிய உரிமை நியாயமானதே. ஆயினும், தீர்ப்பு முற்றும் நிறைவேறியிருப்பின், நாம் இழந்திருப்பது ஒரு படத்தை மட்டுமன்று. அதன் வழித்தோன்றலையும் இழந்திருப்போம். புதியதைக் கண்டு வியக்கும் நம் இளைஞர்கள் பழையதையும் காண்பார்களாக!