மலையிலிருந்து இறங்கிய பாதரசம்

தேவாரம் ஊர்க்காரர்களுக்குக் கும்பக்கரை அருவி என்றால் விடுமுறைக் குளியல். பஸ் மாறிப் பெரியகுளம் போய், எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டுத் திரும்புவார்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டுவருவது பாம்பாறு. அது கொடைக்கானல் மேட்டில், பாம்பார் சோலைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறது. சோலைக்கு மேலே, செயின்ட் மேரிஸ் சாலையில், 1983 முதல் 2001 வரை ஒரு தெர்மாமீட்டர் ஆலை ஓடியது.

ஆலையே வெளியூரிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் சீஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திய ஆலை மூடப்பட்டதும் அதன் இயந்திரங்கள் மலையேறின. பாதரசமும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. செய்துமுடித்த தெர்மாமீட்டர்கள் கப்பலேறி வெளிநாடு போயின. கொடைக்கானலுக்கு மிஞ்சியது கூலியும் உடைந்த கண்ணாடியும். பின்னாளில் ஆலை இந்துஸ்தான் லீவர் வசம் சேர்ந்தது.

பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம். கை நழுவினால் மணிமணியாகச் சிதறித் தரை வெடிப்பில் புகுந்துகொள்ளும். சூடாக்கவே வேண்டாம், அறையின் சாதாரண வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும். இதே மலைத்தொடரின் வடக்கடிவாரத்தில்தான் பழநி. சித்தர் போகர் நவபாஷாணத்தில் சிலை வடித்தார் என்று நம்பும் ஊர். ஓடுகிற ரசத்தை மணியாகக் கட்டுவதைச் சித்தர்கள் பெரும் வித்தையாக நினைத்ததில் வியப்பில்லை. ஆலையில் அந்த வித்தையைக் கண்ணாடிக் குழாயிடம் விட்டிருந்தார்கள். குழாய் உடையாதவரை சரி.

உடைந்தவை எங்கே போயின என்பது 2001 மார்ச்சில் வெளியே வந்தது. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்ததை ஊர்க்காரர்களும் பழநி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் அம்பலப்படுத்தினார்கள். ஆலைச் சுவருக்குப் பின்னால், சோலைச் சரிவிலும் கழிவு கொட்டப்பட்டிருந்தது. அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் கண்ணாடிக் கழிவு, பாதி முடிந்த தெர்மாமீட்டர், எஞ்சிய பாதரசம் என்று சுமார் 290 டன் சரக்கு அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. வளர்ந்த நாட்டின் கழிவு ஏழை நாட்டில் வந்து இறங்குவதுதான் உலக வழக்கம். இங்கே அது தலைகீழானது. அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் பெட்டியில் அடைபட்டதுதான் கப்பலேறியது. காற்றில் போனது போனதுதான். ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் மரப்பாசியிலும், கொடை ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டு எழுதினார்கள். சேற்றுக்குப் போன பாதரசம்தான் உண்மையில் கவலைக்குரியது. காற்றுப் புகாத வண்டலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதைப் பூச்சி தின்னும், பூச்சியைச் சிறுமீன் தின்னும், சிறுமீனைப் பெருமீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் மனிதர்களுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது இப்படித்தான், கடல் மீன் வழியாக.

தொழிலாளர்களின் உடல்நலத்துக்கு ஆலை கேடு செய்யவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. இருந்தும் 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு கண்டது. மண்ணைச் சுத்தம் செய்வதற்கான அளவு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று ஆனது. இது போதாது என்று கொடைக்கானலில் பலர் போராடினார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அந்த நிலம் வெறும் மனை இல்லை, ஒரு சோலையின் உச்சி. அங்கே பெய்யும் மழை அங்கேயே நிற்பதில்லை.

பாம்பாறு பெரியகுளம் சமவெளிக்கு இறங்கி வைகையின் நீரோட்டத்தில் சேர்கிறது. தேவாரத்து ஓடைகளில் ஓடும் மழைநீரும் கடைசியில் போவது அதே வைகைக்குத்தான். வைகையின் முகத்துவாரம் பாக் நீரிணையில், ஆற்றங்கரை என்ற ஊரில். ஆனால் பெரும்பாலான வருடங்களில் ஆறு கடலைத் தொடுவதில்லை; இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். மற்ற ஆறுகள் கழிமுகத்தில் இறக்கிவைக்கும் வண்டலை, வைகை வழிநெடுகக் கண்மாய்களிலேயே இறக்கிவைக்கிறது.

அந்த வண்டல் கோடையில் டிராக்டரேறி வயலுக்கு வரும். விவசாயிகள் கண்மாயில் கட்டணமின்றி வண்டல் அள்ள அரசே அனுமதி தருகிறது. நல்ல ஏற்பாடுதான், எருவுக்கு ஈடான மண். கீழே உள்ள கண்மாய்களில் பாதரசம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வயல்காரர் கையில் இருக்கும் மண்வள அட்டையில் 12 இனங்கள் உண்டு: தழை, மணி, சாம்பல் சத்துகளில் தொடங்கி துத்தநாகம், போரான் வரை. பாதரசத்துக்கு அதில் கட்டம் கிடையாது.